வியாழன் தாண்டிய படங்கள்

போன கிழமை ஷிபானா கூப்பிட்டாள். நான் வேலையிலிருந்து நின்ற பிறகு அச்சகத்தில் என் கதிரையில் இருக்கும் பிள்ளை அவள். கெட்டிக்காரி. ஆனால் சுகம் கேட்டு முடிக்கமுதல் கோளாறைச் சொல்லத் தொடங்கிவிடுவாள்.

"சாந்தி அக்கா, புதுக் கம்பியூட்டர், புது வேர்ஷன் போட்டாங்க. பழைய வேலையத் தொறந்தா படமெல்லாம் ஒடையுது. பிரிண்ட் எடுத்தா மூஞ்சி கட்டம் கட்டமா வருது."

எனக்குக் கழுத்து நோ. கண்ணில் சத்திரசிகிச்சை செய்து, மருந்து விட்டுக்கொண்டு பாலாவியில் மகள் வீட்டில் படுத்துக் கிடக்கிறேன். நான் கணினியை விட்டாலும் அது என்னை விட்டபாடில்லை. எந்த வேலை என்று அலுப்போடு கேட்டேன்.

"உச்சமுனை போஸ்டர்."

எழும்பி இருந்துவிட்டேன். "ஆள் வந்திருக்கிறாவா?"

"ஓம் அக்கா. முன்னுக்கு வாங்குல இரிக்கிறா."

"தேத்தண்ணி குடு. நான் படத்தைத் தேடி அனுப்புறன்" என்று வைத்தேன். அந்தப் படத்தின் பிரதி ஒன்று, பென் டிரைவில், என்னிடம் இருக்கிறது. அலுமாரிக்குள் எங்கேயோ இருக்கிறது, அதுதான் தொல்லை. அந்த உச்சமுனைக் கதை என்ன என்று ஷிபானா எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். நானும் பிறகு சொல்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று கடத்திவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது யாழ்ப்பாணத்தில், ஈய எழுத்துக் கோக்கும் வேலைக்கு. பிறகு இடம்பெயர்வு, வன்னி, மறுபடி இடம்பெயர்வு, புத்தளம். வந்த இடத்தில் எழுத்துக் கோக்கிறவள் யாருக்கு வேணும்? தட்டச்சுப் பழகினேன், கணினி பழகினேன், பக்கம் கட்டப் பழகினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பெலன் இல்லை.

அச்சகம் ஜவாத் ஹாஜியாருடையது. மெலிந்த மனிதர், இளைப்பு நோய்க்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி எந்நேரமும் தொங்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். இறங்கி இறங்கி, கடைசியில் நாங்கள் காதைக் கொண்டுபோய்க் கிட்ட வைத்தால்தான் கேட்கும். ஏச்சு வாங்குவதைவிட அது பொல்லாதது.

எங்கள் வேலைமுறை இதுதான். கணினியில் பக்கத்தைக் கட்டி, லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் தாளில் எடுப்போம். அதிலிருந்து தகடு அடிப்போம். தகட்டை மெஷினில் பூட்டி அச்சிடுவோம். ட்ரேசிங்கில் பிழைத்தால் கடைசிவரை பிழைதான். அதனால் ஹாஜியார் பார்க்காமல் ஒரு ட்ரேசிங்கும் தகட்டுக்குப் போகாது. படத்தில் ஆள் இருந்தால் கண்ணாடியை நேரே ஆளின் கண்ணில்தான் வைப்பார். "கண் சரின்னா ஆளும் சரி" என்பார். எழுத்துப் பிழையைக்கூட மன்னிப்பார், கண் மங்கினால் மன்னிக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை அச்சகம் பூட்டு. ஆகவே வியாழன் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் துப்பரவு தொடங்கும். மெஷின் ஓட்டும் நிஹால், சிலாபத்துச் சிங்கள ஆள், மண்ணெண்ணெய் போட்டு உருளைகளைக் கழுவுவார். நான் வெட்டுத்தாள்களைக் கூட்டி மூட்டை கட்டுவேன். ஹாஜியார் என் கணினிக்கு முன்னால் இருந்து, ஸ்கேன் செய்த படங்கள் கிடக்கும் இடத்தைத் திறந்து எல்லாவற்றையும் அழிப்பார். அழித்தவை போய்க் கிடக்கும் குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குவார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழும்புவார். ஒருகாலத்தில் கணினியில் இடமில்லாமல் போய், ஒரு பாடசாலை மலர் முழுதாக அழிந்த நாளிலிருந்து வந்த சட்டம் இது. படந்தான் பக்கத்துக்குள்ள போயிட்டே, பிறகு வெளியில இன்னொண்டு எதுக்கு என்பது அவருடைய கதை. சரியான கதைதான். எங்கள் பழைய மென்பொருள் படத்தை முழுதாக விழுங்கிப் பக்கத்துக்குள் வைத்துக்கொள்ளும்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறக்க, வேலை கூடியது. பாடசாலை மலர், கலியாண அட்டை, கூட்ட நோட்டீஸ், மூன்று மொழியிலும் கேட்டு வந்தார்கள். ஹாஜியாரின் மருமகன் கொழும்பிலிருந்து புது மென்பொருள் கொண்டுவந்து போட்டுத் தந்தார். நல்ல பொடியன், பொறுமையாகப் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தார். எனக்கும் பிடித்துக்கொண்டது. எழுத்துகள் அழகாக விழுந்தன, பக்கம் கட்டுவது சுகமாக இருந்தது.

கொஞ்ச நாளில் படங்கள் உடையத் தொடங்கின.

எல்லாம் உடைந்திருந்தால் பரவாயில்லை, காரணம் கண்டுபிடிக்கலாம். சிலது உடையும், சிலது கண்ணாடி மாதிரி வரும். கலியாண அட்டையில் மாப்பிள்ளை நல்லாக இருப்பார். ஆண்டறிக்கையில் தலைவர் படிக்கட்டுப் படிக்கட்டாக வருவார். ஒரு பாடசாலை அதிபருக்கு மூக்கே வரவில்லை. மனிதர் தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளையள் ஏற்கெனவே எனக்கு ஒரு பட்டப்பேர் வச்சிருக்கிறாங்கள், இது காணாதெண்டு நீங்களுமா?" என்று கேட்டார். அவர் சிரித்தபடியால் தப்பினோம். மறுபடி ஸ்கேன் செய்து அச்சிட்டுக் கொடுத்தோம், சரியாக வந்தது. ஏன் சரிவந்தது என்றும் தெரியவில்லை.

நிஹால் மட்டும் ஒரு கண்டுபிடிப்புச் சொன்னார். "அக்கே, சனிக்கிழமை எடுக்கிற ட்ரேசிங்குக்குத்தான் சனி புடிச்சிருக்கு. திங்கள், செவ்வாய் ஒண்டும் இல்ல." எல்லாரும் சிரித்தோம். சிரிக்காமல் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை பிலோமினா வந்தாள். உச்சமுனைக்காரி. கல்பிட்டியில் இருக்கும் அவளுடைய தமையன் கூட்டிவந்தார். அவளுடைய புருஷன் செபமாலை, கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக்கு முந்திய கடைசித் தொழில் என்று வள்ளத்தில் தனியே போனவன், திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை. எஞ்சின் நின்று, நீரோட்டம் வடக்கே மன்னார்ப் பக்கமோ அக்கரைக்கோ, இந்தியாவுக்கோ இழுத்துப் போயிருக்கலாம் என்று கடல்காரர்கள் சொன்னார்கள். அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு. மன்னாருக்கு நோட்டீஸ் அனுப்பினால், அங்கத்தைய ஆட்கள் கடலில் அக்கரை வள்ளங்களைக் காணும்போது கொடுப்பார்கள். அதற்குத்தான் வந்தார்கள்.

அவனுடைய படம் ஒன்றே ஒன்றுதான் அவளிடம் இருந்தது. வெளிநாட்டு வேலைக்கென்று கடவுச்சீட்டுக்கு எடுத்த சின்னப் படம். போகவில்லை, படம் மிஞ்சியிருந்தது. நான் ஸ்கேன் செய்து, மேலே முகம், கீழே காணவில்லை என்ற சொல், பெயர், ஊர், வயது முப்பத்துநான்கு, தொடர்புக்குத் தமையனின் இலக்கம் என்று கட்டினேன். முகம் மேலே வருகிற அமைப்பு எங்களிடம் மரண அறிவித்தலுக்குத்தான் ஆயத்தமாக இருந்தது. அதிலேயே வைத்தேன். ஹாஜியார் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு குரல் இறங்கியது.

"தங்கச்சி, இந்தக் கறுப்புக் கரைய எடு. இவரு மவுத்தாகல்ல. காணாமத்தான் போயிருக்காரு."

மரண அறிவித்தலுக்கே அவர் கரையை மெல்லிசாகத்தான் போட விடுவார். வீட்டுக்காரருக்கு இருக்கிற பாரமே போதும் என்பார். கரையை எடுத்துவிட்டு, சரிபார்க்க ஒரு தாள் எடுத்து பிலோமினாவிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். மடிக்கவில்லை.

வியாழன் காலையில் அவள் அந்தச் சின்னப் படத்தைப் பொலிசில் கொடுத்தாள். முறைப்பாட்டோடு சேர்த்து அவர்கள் மேலே அனுப்பிவிட்டார்கள். சொல்லெல்லாம் சரி, அச்சிடுங்கள் என்று தமையன் எங்களுக்குச் சொன்னபோது மஃரிப் நேரமாகி இருட்டிவிட்டது. மறுநாள் வெள்ளி, பூட்டு. சனி காலை அச்சகம் திறக்கும்போதே தமையன் வாசலில் நின்றார். எலுவன்குளம் வழியாக மன்னார் போகும் பாதை அப்போது திறந்திருந்தது. மத்தியான பஸ்ஸில் நோட்டீஸ் போகவேண்டும்.

ட்ரேசிங் எடுத்தேன். ஹாஜியார் கண்ணாடியை வைத்தார். எடுக்கவில்லை. குனிந்தபடியே கேட்டார்.

"கண் எங்க?"

பார்த்தேன். கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டம். மூக்கும் வாயும் சாம்பல் கட்டங்கள். மனிதன் என்று தெரிகிறது, எந்த மனிதன் என்று தெரியவில்லை.

டோனர்ப் பெட்டியைக் கழற்றிக் குலுக்கிப் போட்டேன். அதே கட்டம். புது டோனர் போட்டேன். எழுத்து இன்னும் கறுத்தது, முகம் அதே கட்டம். ட்ரேசிங் தாள் ஈரப்பட்டிருக்குமோ என்று புதுக் கட்டு உடைத்தேன். பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் படத்தின் தரம் சாதாரணம் என்று இருந்தது, அதை உச்சத்துக்கு மாற்றினேன். ஒவ்வொரு தாளாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தமையன் எழும்பி வந்து ஒரு தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது அவன் இல்லை அக்கா. இதைக் கொண்டுபோய்க் காட்டினா ஆரும் ஆரையும் காட்டுவினம்."

அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது. திரையில் முகத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அங்கேயும் கட்டம். அப்போது பக்கத்தில் இருந்த பட்டியலில், படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு அடையாளம் தெரிந்தது. கொழும்புக்கு மருமகனைக் கூப்பிட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "ஒரிஜினல் படம் வச்ச இடத்துலயே இரிக்கா அக்கா?"

வைத்த இடத்தைத் திறந்தேன். வெறுமை.

புது மென்பொருள் படத்தை விழுங்குவதில்லை என்று அவர் விளக்கினார். படம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று விலாசத்தை மட்டும் எழுதிக்கொள்ளும். திரையில் காட்டுவதற்கு மெல்லிய நிழல் ஒன்றை வைத்துக்கொள்ளும். பிரிண்ட் எடுக்கும்போது அந்த விலாசத்துக்குப் போய் முழுப் படத்தை எடுத்துவரும். போன இடத்தில் வீடே இல்லையென்றால் நிழலை அச்சிட்டுவிடும். விலாசம் இருந்து வீடு இல்லாமல் போவது எங்களுக்குத் தெரியாத கதையா? ஆனால் கணினிக்குள்ளும் அது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போதுதான் எல்லாம் பொருந்தியது. அதிபரின் படம் செவ்வாய் ஸ்கேன் செய்தது, சனி அச்சிட்டது. தலைவரின் படமும் அப்படித்தான். ஒரே கிழமைக்குள் முடிந்த வேலை ஒன்றும் உடையவில்லை. வியாழனைத் தாண்டிய படம் ஒன்றும் தப்பவில்லை.

ஹாஜியார் எனக்குப் பின்னால் நின்றார். நான் திரும்பவில்லை.

"வியாழக்கிழமையா?" என்று கேட்டார்.

"ஓம் ஹாஜியார்."

வாங்கில் போய் இருந்தார். குரல் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. "அப்ப நாந்தான் அழிச்சேன்" என்றார். மென்பொருளைக் குறை சொல்லவில்லை, மருமகனைக் குறை சொல்லவில்லை. நிஹால் கையைத் துடைத்த துணியாலேயே மறுபடி மறுபடி கையைத் துடைத்தார்.

"அண்டைக்கு நீங்க தந்த தாள் தங்கச்சியிட்ட இருக்கு" என்றார் தமையன்.

புதன்கிழமை எடுத்த தாள்! அன்று படம் இருந்தது, ஆகவே முகம் தெளிவாகத்தான் விழுந்திருக்கும். ஹாஜியார் உடனே எழும்பினார். "வாங்க போவம்." ஆளை அனுப்பலாமே, உங்களுக்கு இளைப்பு என்றேன். "அழிச்சது நான். கேக்கிறதுக்கும் நாந்தான் போகணும். நீயும் வா, பொம்புளப் புள்ளைட்டப் பேச ஆள் வேணும்" என்றார். கல்பிட்டி வரை வான் வண்டியில் போய், அங்கிருந்து உச்சமுனைத் தீவுக்கு வள்ளம். சோளகம் தொடங்கிவிட்டது. களப்புத் தண்ணீர் எகிறி எகிறி முகத்தில் அடித்தது. ஹாஜியார் ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பையும் மறு கையால் இளைப்பு மருந்தையும் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எப்படியாவது கரை கண்டால் போதும் என்றிருந்தது.

பிலோமினா அந்தத் தாளைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தாள். முகம் அப்படியே இருந்தது, கண் இரண்டும் துலக்கமாக. அதற்கு நேர்கீழே நிலத்தில் கொளுத்தாத ஒரு மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் கிடந்தன.

"பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து வச்சவை ஐயா. ஆத்துமாவுக்குக் கொளுத்தச் சொல்லினம். நான் கொளுத்தேல்ல. காணவில்லை எண்டுதானே நீங்க அடிச்சிருக்கிறீங்க?"

"ஓம் மகள்" என்றார் ஹாஜியார். "காணவில்லை எண்டுதான் அடிச்சிருக்கு." பிறகு, நின்ற நிலையிலேயே, தெரியாமல் படத்தை அழித்தது தான்தான் என்றும், இந்தத் தாள் இல்லாமல் நோட்டீஸ் அடிக்க முடியாது என்றும் சொன்னார்.

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "இதையும் குடுத்திட்டு நான் எதைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவளிடம் பேசத்தான் என்னைக் கூட்டிப்போனது. "நீயும் எங்களோட வா. தாள் உன்ர கையிலயே இருக்கட்டும்" என்றேன். கத்தி நுனியால் ஒட்டுநாடாவை மெல்ல மெல்லக் கிளப்பி, தாளைப் பொலித்தீன் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். தண்ணீர் அடித்தபோது நாங்கள் முகத்தைத் துடைத்தோம். அவள் பையைத் துடைத்தாள்.

அச்சகத்தில் அந்தத் தாளை அவள்தான் ஸ்கேனர்க் கண்ணாடியில் வைத்தாள். அச்சான படத்தை மறுபடி ஸ்கேன் செய்தால் புள்ளியும் புள்ளியும் மோதி முகத்தில் கோலம் கோலமாக விழும். முதல் தரம் அப்படித்தான் விழுந்தது. தாளைக் கொஞ்சம் சரித்து வைக்கச் சொன்னேன். கோலம் மெலிந்தது. இன்னும் சரித்தாள். பிறகு படத்தைக் கணினியில் நேராக்கி, புள்ளிகள் கரையுமளவுக்கு மங்கலாக்கி, கண்ணையும் புருவத்தையும் மட்டும் மெல்ல மெல்லக் கூராக்கினேன். கொஞ்சம் கூடினால் வேறு ஆளாகிவிடும். ஒவ்வொரு தரமும் திரும்பி அவளைப் பார்ப்பேன். இல்லை என்று தலையாட்டுவாள். ஒரு தரம் தலையாட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரையைத் தொட்டாள்.

ட்ரேசிங்கில் ஹாஜியார் கண்ணாடியை வைத்தார். "கண் வந்திட்டு" என்றார். நிஹால் தகட்டுக்கு ஓடினார்.

நோட்டீஸ் மறுநாள் பஸ்ஸில்தான் போனது. ஒரு நாள் பிந்தியது.

தலைமன்னாரிலிருந்து கதை வந்தது, அக்கரையிலிருந்தும் வந்தது. அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்றார்கள். தமையன் ஓடி ஓடிப் போனார். ஒன்றும் செபமாலை இல்லை. ஹாஜியார் காலையில் வந்ததும், "உச்சமுனையில இருந்து ஏதும் கதை வந்ததா?" என்று கேட்பார். இல்லை என்றால், "அந்த ஒரு நாள்..." என்று தொடங்கி நிறுத்திவிடுவார். அந்த ஒரு நாளில் ஏதும் மாறியிருக்காது என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

வியாழன் துப்பரவு நிற்கவில்லை, ஆனால் படங்களை அழிப்பது நின்றது. ஹாஜியார் அஸருக்குப் பிறகு வழமைபோல வந்து இருப்பார். உச்சமுனை என்று பெயரிட்ட இடத்தைத் திறப்பார், அந்த முகத்தைப் பார்ப்பார், மூடுவார். வருத்தம் முற்றி வேலைக்கு வராமல் போகும்வரை அதைச் செய்தார். மவுத்தாகி இப்போது சில வருஷம்.

பிலோமினா வருஷா வருஷம் வந்தாள். சோளகம் ஓய்ந்து மீன்பிடி வாடிக்கு ஆட்கள் திரும்பும்போது வருவாள். அதே நோட்டீஸ்தான். முதல் வருஷம் நான் அப்படியே அச்சிடப் போனபோது தடுத்தாள். "வயசை ஒண்டு கூட்டுங்கோ அக்கா. அவர் எங்க இருந்தாலும் வயசு போகுந்தானே." அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் நான் கேட்காமலே கூட்டுவேன். படத்தில் மனிதன் இளமையாகவே இருந்தான், கீழே வயது ஏறிக்கொண்டு போனது.

படப் பிரதி கடைசியில் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மகளைக் கொண்டு ஷிபானாவுக்கு அனுப்பினேன். தொலைபேசியில் படமாக அனுப்பினால் வழியிலேயே நசுக்கிவிடும், கோப்பாக அனுப்பு என்று மகளோடு சண்டை பிடித்து அனுப்பினேன். பிறகு ஷிபானாவைக் கூப்பிட்டு, சிவப்பு அடையாளத்தைத் தட்டி இந்தப் படம் இருக்கும் இடத்தைக் காட்டு என்றேன்.

"செஞ்சிட்டேன் அக்கா. கட்டமெல்லாம் போயிட்டு."

"கண்ணைப் பார்."

"கண் நல்லா வந்திருக்கு."

"சரி. இனி வயசை ஒண்டு கூட்டிப்போட்டு அடி."

அவள் திரும்பி யாரோடோ கதைப்பது கேட்டது. பிறகு, "அவங்க ஒங்களோட கதைக்கணுமாம்" என்றாள்.

"அக்கா" என்றாள் பிலோமினா. "கண் எப்பிடி இருக்கு?"

"இருக்கு. நீ எப்பிடி?"

"இருக்கிறன். பிள்ளையள் வளந்திட்டுதுகள் அக்கா. அப்பாவின்ர ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம் எண்டு கேக்குதுகள். நானும் ஓம் எண்டிட்டன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "காணவில்லை எண்டதை எடுக்கச் சொல்லுங்கோ. அண்டைக்கு ஐயா ஒரு கறுப்புக் கரை எடுக்கச் சொன்னாரெல்லோ, அதைப் போடச் சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன். ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக, "வயசு?" என்று கேட்டேன்.

"முப்பத்துநாலு."

தொலைபேசி மறுபடி ஷிபானாவின் கைக்குப் போனது. கரை எவ்வளவு தடிப்பாகப் போடுவது என்று கேட்டாள். மெல்லிசாகப் போடு பிள்ளை என்று சொன்னேன்.